எறும்பு நஞ்சில் புளிப்பும் காரமும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

எறும்பைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுவோர் அதன் சுறுசுறுப்பையும், சேமிப்புப் பழக்கத்தையும், ஒற்றுமையையும் பாராட்டி எழுதுவதே வழக்கம். நான் அதன் நஞ்சைப் பற்றி எழுத எடுத்துக்கொண்டேன். தஞ்சைத் தரணியில் வயலில் இறங்கி வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் எறும்புக்கடி புதிய செய்தியாக இராது. நாற்றுப் பறிப்பவர், நடவு நடுபவர், வரப்பு கழிப்பவர் ஆகியோரின் கணுக்கால்களைப் பார்த்தாலே போதும்.

எறும்பு கடித்தால் ஏன் எரிகிறது என்று கேட்டால், பத்தாம் வகுப்பு வரை படித்தவர் எவரும் தயங்காமல் "ஃபார்மிக் அமிலம்" என்று விடை கூறுவார். அமிலத்துக்கு மாற்று காரம். ஆகவே சுண்ணாம்பு தடவு, இல்லையேல் சமையல் சோடா தடவு என்பது அவருடைய அடுத்த வாக்கியமாக இருக்கும். இந்த விடை சில எறும்புகளுக்கு முற்றிலும் பொருந்தும். நம் வரப்புகளில் மிகுதியாக வாழும் செவ்வெறும்புக்கோ சிறிதும் பொருந்தாது. அதன் நஞ்சில் முதன்மையாக இருப்பது அமிலமே அன்று. இதனை விளக்குவதே என் நோக்கம்.

இந்த வேறுபாட்டை எனக்கு முதலில் சுட்டிக்காட்டியவர் என் அப்பாயி. அவர் பள்ளிக்கூடம் சென்றதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதால், எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. விடுமுறைக்குச் சென்றிருந்தபோது கேட்டார்: "ஏன்டா தம்பி, கட்டெறும்பு கடிச்சா கொஞ்சம் சுண்ணாம்பு தடவுனா கேக்குது. இந்த வரப்புச் செவ்வெறும்புக்கு மட்டும் எத்தனை தடவுனாலும் கேக்கலையே, மறுநா கொப்புளம் வச்சிருதே, அது ஏன்?" நூலகத்தில் தேடிப் படித்த பிறகுதான், பாதி விடை அவருடைய கேள்விக்குள்ளேயே இருந்தது எனக்கு விளங்கியது.

புளிப்பு எறும்புகள்

உலகில் 14,000-க்கும் மேற்பட்ட எறும்பு இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. அவற்றைப் பல துணைக்குடும்பங்களாகப் பிரித்துள்ளனர். அவற்றுள் ஃபார்மிசினே என்பது ஒன்று. நம் வீட்டுத் திண்ணையில் ஊரும் பெரிய கட்டெறும்பும், மாமரத்தில் இலைகளைப் பட்டுநூலால் தைத்துக் கூடு கட்டும் முசுறும் இந்தத் துணைக்குடும்பத்தவை. (முசுறுக்குச் சங்க நூல்களில் முயிறு என்று பெயர். நற்றிணையில் இதன் கூடு பேசப்படுகிறது.) இவற்றுக்குக் கொடுக்கு கிடையாது. தாடையால் கடித்துத் தோலைக் கிழித்துவிட்டு, வயிற்றை முன்னால் வளைத்து, வயிற்று நுனியிலுள்ள சிறு துளை வழியே அமிலத்தைக் காயத்தின் மேல் பீச்சும். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதுதான் இது.

இந்த அமிலத்தின் வரலாறு சுவையானது. 1670-71-இல் ஆங்கிலேய இயற்கையியல் அறிஞர் ஜான் ரே, எறும்புகளிலிருந்து கிடைக்கும் புளிப்பு நீரைப் பற்றி லண்டன் ராயல் சங்கத்தின் இதழில் எழுதினார். 1749-இல் ஜெர்மானிய வேதியியலார் மார்கிராஃப் ஏராளமான எறும்புகளை நீருடன் சேர்த்து வாலையில் வடித்து, அமிலத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். எறும்புக்கு லத்தீன் மொழியில் 'ஃபார்மிகா' என்று பெயர். அதனால் ஃபார்மிக் அமிலம் ஆயிற்று. 1855-இல் பிரெஞ்சு அறிஞர் பெர்த்தலோ கார்பன் மோனாக்சைடையும் எரிகாரத்தையும் கொண்டே இதைத் தயாரித்துக் காட்டினார். அன்றோடு எறும்புகளுக்கு வாலையிலிருந்து விடுதலை. இன்று குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் பாலை உறைய வைக்கப் பயன்படும் அமிலமும் இதுவே.

கார்பாக்சிலிக் அமிலங்களுள் மிகச் சிறியது இது. ஒரு கார்பன், இரண்டு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். மூலக்கூறு எடை 46. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தைவிட இதன் அயனியாதல் மாறிலி சுமார் பத்து மடங்கு அதிகம். இதன் கார்பனோடு ஒரு ஹைட்ரஜன் நேரடியாக இணைந்திருப்பதால் ஆல்டிஹைடின் குணமும் இதற்கு உண்டு. அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட்டை இது ஒடுக்கும். அசெட்டிக் அமிலம் ஒடுக்காது. இரண்டாம் ஆண்டுச் செய்முறைத் தேர்வில் இந்த இரண்டையும் வேறு பிரித்துக் காட்டச் சொல்வதன் இரகசியம் இதுதான். தேர்வுக்குப் படிக்கும் தம்பிகள் குறித்துக்கொள்ளலாம்.

எறும்பின் நஞ்சுப்பையில் இந்த அமிலம் நீர்த்த நிலையில் இல்லை. செறிவு 60 விழுக்காடு வரை செல்லும். இவ்வளவு அமிலத்தைச் சுமந்துகொண்டு எறும்பு எப்படி வெந்து போகாமல் இருக்கிறது? சுரப்பியின் உயிரணுக்கள் செரின், கிளைசின் என்னும் அமினோ அமிலங்களிலிருந்து இதை உண்டாக்குகின்றன என்று 1978-இல் ஹெஃபெட்ஸ், பிளம் என்ற இருவர் கண்டறிந்தனர். உண்டானவுடன் அது ஒரு பைக்குள் சேர்க்கப்படுகிறது. அந்தப் பையின் உட்புறம் எறும்பின் மேலோட்டைப் போன்ற உறையால் ஆனது. கண்ணாடிக் குடுவையில் அமிலத்தை வைப்பது போன்ற ஏற்பாடு. பக்கத்தில் டுஃபோர் சுரப்பி என்று மற்றொன்று உண்டு. அதில் பதினொரு கார்பன் கொண்ட அன்டெகேன் என்னும் எண்ணெய் இருக்கிறது. வெறும் நீரைப் பூச்சியின் மெழுகு பூசிய மேலோட்டில் விட்டால் தாமரை இலைத் தண்ணீராக ஓடிவிடும். அன்டெகேன் கலந்தால் அமிலம் ஒட்டிப் பரவும்.

நீல லிட்மஸ் தாள் வீட்டில் இல்லையென்றாலும் சங்குப்பூ வேலியில் இருக்கிறது. நீலச் சங்குப்பூ இதழை ஒரு குச்சியில் செருகி முசுறுக் கூட்டின் அருகே நீட்டிப் பார்த்தேன். எறும்புகள் இதழைக் கவ்விக்கொண்டு வயிற்றை வளைத்தன. சிறிது நேரத்தில் நீல இதழில் செவ்வூதாப் புள்ளிகள் தோன்றின. நம் வேதியியல் ஆய்வகத்தில் இதைவிட மலிவான சோதனை வேறு இல்லை.

இந்தப் புளிப்பை உண்பவர்களும் உண்டு. ஒடிசா மாநிலம் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் முசுறை அரைத்துச் செய்யும் 'காய்' சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் இதே அமிலம் கண்ணில் பட்டால் விளையாட்டல்ல. 2022-ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பகுதியில், கரந்தமலைக் காட்டை ஒட்டிய ஊர்களில் மஞ்சள் நிற எறும்புகள் அளவிறந்து பெருகின. ஆடு மாடுகள் பார்வை இழந்தன என்றும், மேய்ச்சலுக்குக் காட்டுப்பக்கம் போகவே இயலவில்லை என்றும் உழவர்கள் முறையிட்டனர். அனோப்லோலெபிஸ் கிரேசிலிபெஸ் என்பது அந்த எறும்பின் அறிவியல் பெயர். ஆங்கிலத்தில் அதைக் கிறுக்கு எறும்பு என்கிறார்கள். தொந்தரவு செய்தால் திசையின்றி ஓடும். இதுவும் கொடுக்கில்லாத ஃபார்மிசினே இனமே. இந்தியப் பெருங்கடலிலுள்ள கிறிஸ்துமஸ் தீவில் இது கோடிக்கணக்கான செந்நண்டுகளை அமிலம் பீச்சிக் குருடாக்கிக் கொன்றிருக்கிறது.

ஆக, "எறும்பின் நஞ்சு ஃபார்மிக் அமிலம்" என்பது கட்டெறும்புக்கும் முசுறுக்கும் கிறுக்கு எறும்புக்கும் உண்மை. அமிலம் தோலின் மேலும் மேற்காயத்திலும் விழுவதால், சுண்ணாம்பு பட்டால் ஓரளவு நடுநிலையாகிக் கால்சியம் ஃபார்மேட் என்னும் உப்பாகும். அப்பாயி சொன்ன "கேக்குது" என்பதன் வேதியியல் இதுவே. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினாலும் அதே பயன் கிட்டும் என்பது என் கருத்து.

வரப்பில் வாழும் கார எறும்பு

மேட்டூரில் ஜூன் 12-ஆம் நாள் அணை திறந்து, ஆறும் வாய்க்காலும் நிரம்பி, வயலில் தண்ணீர் கட்டியதும், தரைக்குள் வாழும் எறும்புகளுக்குப் போக்கிடம் வரப்புதான். களத்துமேட்டிலும் வைக்கோல் போரடியிலும் இவை உண்டு. பொடி மண்ணைக் குவித்து மேடு செய்யும் சிறிய செவ்வெறும்பு. சிலவற்றுக்கு மட்டும் தலை உடலுக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருக்கும். விதையை உடைப்பது அவற்றின் வேலை. சோலெனாப்சிஸ் ஜெமினேட்டா என்பது இதன் பெயர்.

இது நம் நாட்டு எறும்பே அல்ல என்பது எனக்கு வியப்பாக இருந்தது. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்திலிருந்து பிலிப்பைன்சின் மணிலாவுக்குச் சென்ற ஸ்பானியக் கப்பல்களில் 16-ஆம் நூற்றாண்டில் ஏறி ஆசியாவுக்குள் நுழைந்ததாக 2015-இல் வெளியான மரபணு ஆய்வு கூறுகிறது. மிளகாயும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். மிளகாயை நாம் விரும்பி ஏற்றுக்கொண்டோம். இது அழைக்காமல் வந்தது.

இதற்குக் கொடுக்கு உண்டு. பூச்சிகளின் முட்டையிடும் உறுப்பே காலப்போக்கில் கொடுக்காக மாறியது என்பதால், கொட்டுபவை யாவும் பெண் எறும்புகளே. இது தாடையால் தோலைக் கவ்வி நிலைகொண்டு, கொடுக்கை இறக்கும். பிறகு கவ்விய இடத்தை விடாமல் உடலைச் சுழற்றி மறுபடியும் மறுபடியும் கொட்டும். அதனால்தான் கொப்புளங்கள் பிறை வடிவில் அமைகின்றன. ஒரு கொட்டில் இறங்கும் நஞ்சு, ஒரு சொட்டு நீரின் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான்.

அந்தத் துளி நஞ்சில் இருப்பது என்ன? அமெரிக்காவில் மெக்கானல், பிளம், ஃபேல்ஸ் ஆகியோர் 1970-இல் இந்தப் பேரினத்து எறும்பின் நஞ்சை ஆராய்ந்து, அதில் ஓர் ஆல்கலாய்டு இருப்பதைக் கண்டு, அதைச் செயற்கையாகவும் தயாரித்தனர். ஆல்கலாய்டு என்பது நைட்ரஜன் கொண்ட காரப் பொருள். பெரும்பாலும் செடிகொடிகளில்தான் கிடைக்கும். எறும்பில் கிடைத்தது புதுமை. சோலெனாப்சின் என்று அதற்குப் பெயரிட்டனர். ஐந்து கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த பிப்பெரிடின் வளையம். அதன் ஒரு பக்கத்தில் மெத்தில் தொகுதி. மறுபக்கத்தில் நீண்ட கார்பன் சங்கிலி. நம் வரப்பு எறும்பின் நஞ்சில் பெரும்பாலும் அந்தச் சங்கிலி பதினொரு கார்பன் நீளமுள்ளது. வளையத்தின் ஒரே பக்கத்தில் இரு தொகுதிகளும் அமைந்தால் 'சிஸ்', எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்தால் 'டிரான்ஸ்'. இரண்டு வடிவங்களும் இந்த நஞ்சில் உள்ளன. முப்பரிமாண வேதியியல் பாடத்தைக் கரும்பலகையில் படித்துக் குழம்பும்போதெல்லாம், அது என் அம்மாவின் காலில் கொப்புளமாக இருந்தது என்ற நினைவு எனக்கு வரும்.

பிப்பெரிடின் என்ற பெயர் மிளகின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. மிளகை உறைக்கச் செய்யும் பைப்பரினிலும் இதே வளையம் உண்டு. சாக்ரடீசுக்குக் கொடுக்கப்பட்ட ஹெம்லாக் நஞ்சின் கோனீனும் பிப்பெரிடின் வளையத்தில் மூன்று கார்பன் சங்கிலி ஒட்டியதுதான். ஒரே வளையம் ரசத்தில் ஒரு வேலையும், ஏதென்ஸ் சிறையில் ஒரு வேலையும், நம் வரப்பில் ஒரு வேலையும் செய்கிறது. நாக்கில் உறைப்பதற்கும் அமிலத்துக்கு எதிரான பொருளுக்கும் தமிழில் காரம் என்று ஒரே சொல் இருப்பதால், இதைக் கார எறும்பு என்று அழைத்தால் இரு பொருளிலும் தகும்.

சோலெனாப்சின் எண்ணெய் போன்றது. நீரில் எளிதில் கரையாது. தோலுக்குள் அது இறங்கிய இடத்தில் உயிரணுக்கள் சிதைகின்றன. சுமார் ஒரு நாளில் வெண்ணிறக் கொப்புளம் எழும்புகிறது. அது சீழ் போலத் தோன்றினாலும் அதில் கிருமி இல்லை. சோலெனாப்சின் கிருமிகளைக் கொல்லும் தன்மையுடையது. இந்த வகை எறும்புகள் தம் குஞ்சுகள் மேல் நஞ்சை மெல்லியதாகத் தூவிக் கிருமிகளிடமிருந்து காக்கின்றன. நகத்தால் கிள்ளி உடைத்தால்தான் புண்ணில் கிருமி சேர்கிறது. வயல் சேற்றில் நிற்பவர்கள் கொப்புளத்தை உடைக்கவே கூடாது.

இனி அப்பாயியின் கேள்விக்கு வருவோம். சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு, அது காரம். சோலெனாப்சினும் காரம். காரத்தோடு காரத்தைச் சேர்த்தால் நடுநிலையாக்கல் எங்கிருந்து நிகழும்? போதாக்குறைக்கு நஞ்சு தோலின் அடியில் இருக்கிறது. சுண்ணாம்போ தோலின் மேல். எத்தனை தடவினாலும் கேட்காததன் காரணம் இதுதான். அப்படியானால் புளியைக் கரைத்துத் தடவலாமா என்று அப்பாயி உடனே கேட்டார். நல்ல கேள்வி. வேதியியலின்படி சரியான திசை. ஆனால் தோல் குறுக்கே நிற்கிறது.

இதே எண்ணம் ஓர் எறும்புக்கும் தோன்றியிருக்கிறது! அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இந்தக் கார எறும்புகளின் நெருங்கிய உறவான ஓர் இனமும், பழுப்புக் கிறுக்கு எறும்பு என்ற ஃபார்மிசினே இனமும் சண்டையிடுவதை லெப்ரன் குழுவினர் 2014-இல் ஆராய்ந்து வெளியிட்டனர். கார நஞ்சு மேலே பட்டதும் பழுப்பு எறும்பு பின்கால்களிலும் நடுக்கால்களிலும் நின்று, வயிற்றை வளைத்துத் தன் ஃபார்மிக் அமிலத்தைத் தன் வாயாலேயே எடுத்து, உடல் முழுதும் பூசிக்கொள்கிறது. பூச முடிந்த எறும்புகளில் நூற்றுக்கு 98 பிழைத்தன. அமிலத் துளையை அடைத்துவிட்டபோது ஏறத்தாழப் பாதிதான் பிழைத்தன. அமிலமும் ஆல்கலாய்டும் சேர்ந்தால் பாகு போன்ற ஒரு திரவ உப்பு உண்டாகிறது என்றும் அதே ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் கண்டனர். அந்த எறும்புக்கு நஞ்சு மேலோட்டின் மேல் இருக்கிறது; நமக்குத் தோலுக்குள் இருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டால் அதன் வைத்தியம் நமக்கு உதவாது.

நூற்றில் ஒரு பங்கு

இதுவரை கூறியது எரிச்சலும் கொப்புளமும் பற்றியது. உயிருக்கு ஊறு செய்வது வேறொன்று. அமெரிக்காவில் பரவியுள்ள அந்த உறவினத்தின் நஞ்சில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் ஆல்கலாய்டுதான். புரதம் நூற்றில் ஒரு பங்கு அளவே. அந்தச் சிறு பங்கில் நான்கு ஒவ்வாமைப் புரதங்களைக் கண்டறிந்துள்ளனர். அவற்றுள் ஒன்று குளவி நஞ்சிலுள்ள புரதத்துக்கு உறவு. முன்பு கொட்டு வாங்கியபோது உடல் அந்தப் புரதத்துக்கு எதிராக நோய் எதிர்ப்புப் பொருளைச் செய்து வைத்திருக்கும். சிலருக்கு அடுத்த கொட்டில் அது மிகையாகக் கிளர்ந்து, ஹிஸ்டமின் உடலெங்கும் பரவி, இரத்த அழுத்தம் விழுந்து, மூச்சுக்குழல் சுருங்கிவிடும்.

என் சித்திக்கு இது நேர்ந்தது. சம்பா களை எடுப்பின்போது வரப்பில் உட்கார்ந்து சோறு உண்ட வேளை. காலில் ஏழெட்டுக் கொட்டு. பத்து நிமிடத்தில் உடலெல்லாம் தடித்து, உதடு வீங்கி, குரல் கம்மிவிட்டது. கூட இருந்தவர்கள் வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பை எடுத்துக் கால் முழுதும் அப்பினார்கள். அங்கிருந்த படித்தவர் ஒருவரும் "அமிலந்தான், சுண்ணாம்பு போதும், சரியாயிடும்" என்று உறுதி கூறியிருக்கிறார். அரை மணி நேரம் அப்படியே கழிந்தது. மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகே டிராக்டரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். ஊசி போட்ட சிறிது நேரத்தில் மூச்சு சீரானது. பிழைத்துக்கொண்டார். அந்த அரை மணியைப் பற்றி அம்மா சொல்லும்போது இன்றும் அவர் குரல் நடுங்கும். அன்று போட்ட ஊசி அட்ரினலின். சுருங்கிய மூச்சுக்குழலை விரித்து, விழுந்த இரத்த அழுத்தத்தை ஏற்றுவது அதுதான். சுண்ணாம்பு அந்தப் புரதத்தை ஒன்றும் செய்யாது.

எனவே வயல் வேலைக்குப் போகும் வீட்டார் அறிய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். கொட்டியவுடன் அந்த இடத்தை விட்டு விலகி, எறும்புகளைக் கையால் தேய்த்துத் தள்ள வேண்டும்; தாடையால் கவ்வியிருப்பதால் தண்ணீர் மட்டும் ஊற்றினால் அவை போகா. பின் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணியோ பனிக்கட்டியோ வைக்கலாம். கொப்புளத்தைத் தொடக் கூடாது. கொட்டிய இடத்துக்கு அப்பால் உடலில் தடிப்பு, முக வீக்கம், குரல் மாற்றம், மூச்சுத் திணறல், மயக்கம், வாந்தி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதியாமல் 108-ஐ அழைக்க வேண்டும். ஒருமுறை இப்படி ஆனவர் மறுமுறை கொட்டு வாங்கினால் அடையாளம் தோன்றும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கட்டெறும்போ முசுறோ கண்ணில் அமிலம் பீச்சினால் தண்ணீரால் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணருகே சுண்ணாம்பைக் கொண்டுபோகவே கூடாது. எறும்பின் அமிலத்தைவிடச் சுண்ணாம்பு கண்ணுக்குக் கொடியது.

மரத்தில் தனித்தனியாகத் திரியும் ஒல்லியான எறும்பு ஒன்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். தலையும் வயிறும் கறுப்பு, நடுவுடல் செம்பழுப்பு. டெட்ராபொனெரா ரூஃபோனைக்ரா என்பது பெயர். இதன் கொட்டும் கடுமையானது. தாய்லாந்தில் இது கொட்டி ஒவ்வாமை அதிர்ச்சி அடைந்தவர்கள் உண்டு. கட்டெறும்பைப் போல அமிலத்தை நம்பி வாழும் எறும்பு அல்ல. இதன் நஞ்சில் புரதங்களே பேசப்படுகின்றன. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் துப்பாக்கிக் குண்டு எறும்பு என்று ஒன்று உண்டு. அதன் நஞ்சிலுள்ள பொனெராடாக்சின் 25 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி மட்டுமே. நரம்பிலுள்ள சோடியம் வாயில்களை மூடவிடாமல் செய்து, ஒரு நாள் முழுதும் வலிக்க வைக்கும். அங்கே அமிலமும் இல்லை, மிளகின் வளையமும் இல்லை.

சித்தி இப்போதும் நடவுக்குப் போகிறார். கொட்டும் எறும்பு எது, கொட்டாதது எது என்று படம் போட்டுக் காட்டினேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் வரப்பில் நடப்பதை அவர் எப்போதோ விட்டுவிட்டார். சேற்றிலேயே இறங்கி வயலைக் கடக்கிறார். சோறு உண்பதும் வாய்க்கால் மதகின் சிமென்ட்டுக் கட்டை மேல்தான்.